அச்சுத் துணி டிசைன் படிக்க: எதை முதலில், எதைப் பிறகு

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறைக்குச் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் வருகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரி முடித்துவிட்டுத் தையல் கற்றவர்கள், ஒன்றிரண்டு பேர் திருமணமாகி வந்தவர்கள். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: சுடிதாரிலும் பனியனிலும் வருகிற பூ, இலை, கோடு, கட்டத்தை வரைகிற வேலைக்குப் போக வேண்டும். திருப்பூரில் ஒரு டிசைன் அறையில் ஒன்பது வருடம் அந்த வேலையைத்தான் செய்தேன்.

முதல் நாள் எல்லோரும் கேட்பது, "அக்கா, எந்த சாஃப்ட்வேர் படிக்கணும்?" கையில் வரைந்த நோட்டு இருக்கும். படங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் ஒரு பக்கத்தைக்கூட அப்படியே துணியில் அச்சடிக்க முடியாது. திறமை குறைவு என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். வரிசைதான் தவறு. துணி, அச்சு முறை, ரிப்பீட் (படம் துணியில் திரும்பத் திரும்ப வருகிற விதம்), கலர் என்ற நான்கும் முடிவான பிறகே படத்துக்கு வர வேண்டும். படத்தில் தொடங்கியவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

கீழே இருப்பது ஏறக்குறைய ஒரு வருடத்துக்கான வரிசை. கல்லூரிக்குப் போகும் முன் செய்தால் நல்லது. கல்லூரியில் இருக்கும்போது செய்தாலும் சரி.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சென்டிமீட்டர் ஸ்கேல், கிராஃப் நோட்டு, ட்ரேசிங் பேப்பர், கறுப்புப் பேனா, கத்தரிக்கோல், செலோடேப், அயர்ன் பாக்ஸ், இரண்டு மீட்டர் வெளுத்த காட்டன் துணி. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என ஐந்து டப்பா போதும். பெரிய செட் வாங்கினால் கலக்கிப் பழக மாட்டீர்கள், டப்பாவில் இருப்பதையே பூசுவீர்கள்.

அப்புறம் ஒரு பிக் கிளாஸ். துணியில் இழைகளை எண்ணுவதற்கு மில்காரர்கள் வைத்திருக்கிற சின்ன மடக்குக் கண்ணாடி அது. இந்த வேலையில் நீங்கள் வாங்குகிற முதல் கருவி அதுவாக இருக்கட்டும்.

லேப்டாப் முதல் மூன்று மாதம் தேவையில்லை. வீட்டில் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் திறந்ததும் கை படம் வரையத்தான் போகிறது.

1. முப்பது துணித் துண்டுகள்

தெரிந்த தையல் கடையில் வெட்டு மிச்சம் கேளுங்கள். மூட்டை மூட்டையாக இருக்கும், தருவார்கள். அதில் அச்சு விழுந்த துண்டுகளாக முப்பது எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக நோட்டில் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டிவிடாமல் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள். முதலாவது, நெய்ததா பின்னியதா. பிக் கிளாஸில் பார்த்தால் நெய்த துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், பனியன் துணியில் கண்ணி கண்ணியாகத் தெரியும். பின்னிய துணி இழுபடும். இழுபடுகிற துணியில் மெல்லிய நேர்க்கோடு நிற்காது, உடம்பில் போட்டதும் வளைந்துவிடும்.

இரண்டாவது, என்ன இழை. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டையாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்குகிற வாசனை வரும். கலப்புத் துணியில் இரண்டு குணமும் சேர்ந்து தெரியும். அங்கே முடிவு சொல்லாமல் 'கலப்பு' என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது, எடை. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போட்டு, வருகிற கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 1.6 கிராம் இருந்தால் 160 ஜிஎஸ்எம். வீட்டுத் தராசு இவ்வளவு சின்ன எடையைக் காட்டாது. பஜாரில் தெரிந்த நகைக்கடை இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் 50-க்கு 50 வெட்டி, எடையை நான்கால் பெருக்குங்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், எந்தச் சாயம் ஒட்டும் என்பதை இழைதான் தீர்மானிக்கிறது. காட்டனுக்கு இழையோடு சேர்ந்துவிடுகிற ரியாக்டிவ் சாயமோ, பசையோடு மேலே ஒட்டுகிற பிக்மென்ட்டோ போகும். பட்டுக்கு ஆசிட் சாயம். காகிதத்தில் அடித்துச் சூடு வைத்து மாற்றுகிற சப்ளிமேஷன் பாலியஸ்டருக்கு மட்டும்தான். என்னிடம் வந்த ஒரு பையன் காட்டன் பையில் சப்ளிமேஷன் போட்டுக்கொண்டு வந்தான். படம் அருமையாக இருந்தது. மூன்று முறை துவைத்ததில் வெளுத்துப்போய், எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

2. அச்சு முறையை அடையாளம் காண்பது

அதே முப்பது துண்டுகளை மறுபடி எடுங்கள். இந்த முறை அச்சை மட்டும் பாருங்கள்.

விரலால் தடவினால் மேலே ஒரு படலம்போல் தட்டுப்பட்டால் பெரும்பாலும் பிக்மென்ட். துணியின் மென்மை மாறாமல், பின்பக்கமும் ஓரளவு நிறம் இறங்கியிருந்தால் ரியாக்டிவ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். பிக் கிளாஸில் பல நிறப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரிந்தால் டிஜிட்டல். நிறங்கள் ஒவ்வொன்றும் தட்டையாக, இரண்டு நிறம் சேருகிற இடத்தில் மெல்லிய இருண்ட கோடோ வெள்ளை இடைவெளியோ தெரிந்தால் ஸ்க்ரீன், அதாவது வலை வழியாக நிறத்தைத் தள்ளி அடித்தது.

டிசைன் செய்பவருக்கு இது ஏன் வேண்டும்? ஒவ்வொரு முறையும் உங்கள் கையை ஒவ்வொரு விதமாகக் கட்டுகிறது. ஸ்க்ரீனில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன், ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்க்ரீன் செலவு. ரோட்டரியில் ஸ்க்ரீன் ஒரு நிக்கல் உருளை, அதிகம் புழங்குவதன் சுற்றளவு 64 சென்டிமீட்டர். உருளை ஒரு சுற்று சுற்றினால் படம் திரும்பத் தொடங்கிவிடும், அதைத் தாண்டி நீளமாக வரைய முடியாது. டிஜிட்டலில் நிறக் கணக்கும் இல்லை, நீளக் கணக்கும் இல்லை. ஆனால் பெரிய ஆர்டருக்கு மீட்டர் செலவு கூடும். பனியனின் நெஞ்சில் மட்டும் வருகிற பிளேஸ்மென்ட் பிரிண்ட்டுக்கு ரிப்பீட்டே தேவையில்லை.

ஆகவே புதிய டிசைனின் பக்கத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது: என்ன துணி, என்ன முறை, எத்தனை நிறம். அதன் பிறகே பென்சில்.

3. ரிப்பீட்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இதற்கு இரண்டு மாதம் கொடுக்கலாம்.

ஒரு சதுரத்தில் வரைந்த படம் நான்கு பக்கமும் தையல் தெரியாமல் தொடர்ந்து போக வேண்டும், அதுதான் ரிப்பீட். சாஃப்ட்வேரில் ஒரு பட்டனில் வந்துவிடும். ஆனால் கையால் செய்யாதவர்களுக்கு எங்கே ஓட்டை விழுகிறது, ஏன் கோடு தெரிகிறது என்பது பிடிபடுவதே இல்லை. முதல் பத்து ரிப்பீட்டைக் காகிதத்திலேயே செய்யுங்கள்.

16-க்கு 16 சென்டிமீட்டர் சதுரமாகத் தடித்த காகிதம் வெட்டுங்கள். பின்பக்கம் நான்கு மூலையிலும் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள். பிறகு துண்டுகள் தலைகீழானால் இந்த எண்கள்தான் காப்பாற்றும். நடுவில் மட்டும் வரையுங்கள், எந்த ஓரத்தையும் தொட வேண்டாம்.

இப்போது நெடுக்காக நடுவில் வெட்டி, இடது துண்டை வலப்பக்கமும் வலது துண்டை இடப்பக்கமும் மாற்றி வைத்து, பின்பக்கம் டேப் போடுங்கள். முன்பு வெளி ஓரமாக இருந்தவை இப்போது நடுவில் சேர்ந்திருக்கும். அங்கே வெறும் இடம் தெரியும். அதை நிரப்புங்கள், மேல் கீழ் ஓரங்களைத் தொடாமல். அடுத்து குறுக்காக நடுவில் வெட்டி, மேல் துண்டைக் கீழே மாற்றி ஒட்டுங்கள். மறுபடி நடுவில் வெற்றிடம் வரும், அதையும் நிரப்புங்கள். முடிந்தது. ஒன்பது ஜெராக்ஸ் எடுத்து மூன்றுக்கு மூன்றாகத் தரையில் பரப்புங்கள்.

ஏன் ஒன்பது? நான்கு காப்பியில் மூட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். ஒன்பதில்தான் டிசைன் என்ன செய்கிறது என்று தெரியும். மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரு போல ஓடினால் அது ஓட்டை. ஒரு பூ மட்டும் பொட்டு வைத்தாற்போல் வரிசையாகத் தெரிந்தால் அது மற்றவற்றைவிடப் பெரியது அல்லது இருண்டது.

அரவேணுவிலிருந்து வருகிற ஒரு பெண் இரண்டு இலை ஒரு மொட்டைக் கொண்டு ஒரு ரிப்பீட் செய்தாள். அம்மா தோட்டத்துக்குப் போகிறவர், கொழுந்தை அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கிள்ளிய இடத்தில் காம்பு நுனி லேசாகப் பழுப்பேறுவதைக்கூட வரைந்திருந்தாள். மூட்டு ஒன்றும் தப்பவில்லை. ஒன்பது காப்பியைப் பரப்பியதும், துணி முழுக்கச் சாய்வாகக் கோடு கோடாக மழை பெய்தது போலிருந்தது. சதுரத்தில் இருந்த ஏழு கொழுந்தும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. வலது கைக்காரர்கள் வரைந்தால் இயல்பாக அப்படித்தான் விழும். மூன்று கொழுந்தை இடப்பக்கம் திருப்பி, ஒன்றைக் கவிழ்த்து, ஒரு மொட்டைச் சின்னதாக்கினாள். கோடுகள் மறைந்துவிட்டன. படம் அதே படம்தான்.

நேர் ரிப்பீட் கைவந்த பிறகு ஹாஃப் டிராப்புக்குப் போங்கள். பக்கத்து வரிசை பாதி உயரம் கீழே இறங்கி நிற்கும், 16 சென்டிமீட்டர் என்றால் 8. கண்ணுக்கு ரிப்பீட் சீக்கிரம் அகப்படாது என்பதால் உடுப்புத் துணியில் இது மிகவும் புழங்கும். புதியவர்கள் தவறுவது ஓரத்தில்: இதில் வலது ஓரத்தின் மேல்பாதி அடுத்த சதுரத்தின் இடது ஓரக் கீழ்ப்பாதியோடு சேர வேண்டும். நேர் ரிப்பீட்டை எடுத்துச் சும்மா இறக்கி வைத்தால் ஓரத்தைத் தாண்டுகிற இலைகள் எல்லாம் வெட்டுப்பட்டு நிற்கும். ஜெராக்ஸைப் பாதி இறக்கி வைத்து, அறுந்த இடங்களைப் பார்த்து, அங்கே திருத்தி வரையுங்கள்.

அளவு விஷயம். 64-ஐ மீதமில்லாமல் வகுக்கிற உயரங்களைப் பழக்கிக்கொள்ளுங்கள்: 64, 32, 16, 12.8, 8. மூன்றால் வகுத்தால் 21.33, அதுவும் நடக்கும். 15 சென்டிமீட்டரில் டிசைன் செய்து கொடுத்தால் ரோட்டரிக்காரர் 16-க்கு இழுத்துவிடுவார், உங்கள் வட்டம் முட்டையாகிவிடும். திருப்பூரில் என் முதல் வருடத்தில் இப்படி ஒரு புள்ளி டிசைனைக் கொடுத்துவிட்டேன். சாம்பிள் துணி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்கேலை வைக்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

இன்னொன்று, திசை. எல்லாப் பூவும் மேல்நோக்கி நிற்கிற டிசைன் ஒருவழி டிசைன். துணி வெட்டும்போது முன்பாகம், பின்பாகம், கை எல்லாவற்றையும் ஒரே திசையில்தான் அடுக்க முடியும், இடைவெளியில் தலைகீழாகச் செருக முடியாது. துணி கூடுதலாக வேண்டும். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் உங்கள் டிசைனைத் திருப்பி அனுப்ப இது ஒன்றே போதும். இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி வரையப் பழகுங்கள். ஒருவழி டிசைன் வேண்டுமென்றால் தெரிந்தே செய்யுங்கள்.

கடைசியாக, ஜெராக்ஸை உண்மை அளவிலேயே எடுத்து ஒரு சுடிதார் டாப்பில் ஊக்கு குத்திக் கண்ணாடி முன் நில்லுங்கள். மேஜையில் சின்னதாகத் தெரிந்த பூ உடம்பில் பூசணிப் பூவாக நிற்கும். இந்தச் சோதனையை அநேகமாக எல்லோரும் தவிர்க்கிறார்கள், வெட்கமோ என்னவோ. தவிர்க்காதீர்கள்.

4. கலர்

இரண்டு நிறத்தில் தொடங்குங்கள். பிறகு நான்கு, அதிகபட்சம் ஆறு. துணியின் வெள்ளை இலவச நிறம், அதை விட்டு வைக்கக் கற்றுக்கொண்டால் ஒரு ஸ்க்ரீன் மிச்சம்.

டிசைனைக் கலரில் முடித்ததும் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். பூவும் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால் நிறம் வேறாக இருந்தாலும் இருள்-வெளிச்சம் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தூரத்திலிருந்து அது மங்கலாகத்தான் தெரியும். பிறகு அதே டிசைனை மூன்று கலர்வேயில் (நிறச் சேர்க்கையில்) செய்யுங்கள்: வெளிர் தரை, இருண்ட தரை, நடுத்தரம். வெளிர் தரையில் நன்றாக இருந்த டிசைன் இருண்ட தரையில் உடையும். எங்கே உடைகிறது என்று பார்ப்பதே பயிற்சி.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேகம் இறங்கிய நாளில் நம் ஜன்னல் வெளிச்சம் நீலச் சாம்பலாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் கலக்கிய மஞ்சள் பழுப்பைத் திருப்பூர் வெயிலில் விரித்தால் வேறு நிறம். அதுபோக, ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் ஒத்துப்போகாமலும் இருக்கும், ஏனென்றால் சாயக் கலவை வேறு. இதற்காகவே கம்பெனிகளில் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். மஞ்சு இல்லாத நாளில், காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள், வெள்ளைச் சுவர் உள்ள அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கலக்குங்கள். மாலை டியூப்லைட்டில் ஒரு தடவை சரிபாருங்கள். ஜூன், ஜூலை முழுக்கக் கலர் முடிவு எதுவும் எடுக்காமல் ரிப்பீட் வேலையை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நிறத்தைப் பெயருக்குப் பதில் எண்ணால் சொல்கிற பான்டோன் எண்களை இப்போதே பழகலாம், புத்தகம் வாங்க வேண்டியதில்லை. துணித் துறைக்கான எண்ணில் இரண்டு இலக்கம், ஒரு கோடு, பிறகு நான்கு இலக்கம் வரும். முதல் இரண்டு இலக்கம் வெளிர்-இருள் அளவு: 11 மிக வெளிர், 19 மிக இருண்டது. கடைசியில் டிசிஎக்ஸ் என்றிருந்தால் காட்டன் துணியில் சாயமிட்ட மாதிரி, டிபிஜி என்றால் காகிதம். போன் திரையில் பார்த்த நிறத்தைக் காட்டி 'இதே வேண்டும்' என்று எந்தப் பட்டறையிலும் கேட்காதீர்கள்.

5. இப்போது வரையுங்கள்

இணையத்தில் இருக்கிற பூப்படத்தைப் பார்த்து வரைவதைவிட வேலியோரம் இருக்கிற செடியைப் பார்த்து வரைவது எல்லா வகையிலும் லாபம். ஒரு செடியை எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, மொட்டு, வாடியது, காம்பு மட்டும் என்று பன்னிரண்டு நிலையாவது வரைந்து வையுங்கள். ரிப்பீட்டில் ஒரே பூ ஏழு தடவை வந்தால் ஸ்டாம்ப் அடித்தது போலிருக்கும். ஏழு நிலை கையில் இருந்தால் செடி போலிருக்கும். இணையப் படத்தில் ஒரு நிலைதான் கிடைக்கும், அதுவும் இன்னொருவருடையது.

வருகிறவர்களில் பாதிப் பேர் குறிஞ்சியில் தொடங்குகிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூப்பதை இடையில் போட்டோ பார்த்துத்தான் வரைய வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் உண்ணிச்செடியை எடுங்கள். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ரோஸுமாக நிறம் மாறிக்கொண்டே போகும், கலர் பாடமும் சேர்ந்தே கிடைக்கும். தேயிலைப் பூவின் வெள்ளை இதழும் மஞ்சள் கேசரமும் இரண்டே நிறத்தில் முடியும். சில்வர் ஓக் இலையின் பின்பக்க வெள்ளியை எப்படித் தட்டை நிறத்தில் காட்டுவது என்று யோசித்தால் ஒரு வாரம் போகும். குன்னூர் சிம்ஸ் பார்க்கில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கு வேலை கிடைக்கும்.

தோடர் பூவேலை பற்றி நான் கறாராக இருக்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தோடர் பெண்கள் போடுகிற வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை ட்ரேஸ் செய்து அச்சு டிசைனாக்கிக் கொண்டுவருகிறார்கள், 'நம்ம ஊர் டிசைன்தானே' என்று. அது அவர்களுடைய கைவேலை, அவர்களுடைய வருமானம். அச்சில் மலிவாக அடித்துவிட்டால் கையால் ஒரு சால்வை போடப் பல வாரம் செலவழிக்கிறவருக்கு என்ன மிஞ்சும்? பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், இழை எண்ணிக் கட்டம் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள்.

6. கணினி

நான்காவது மாதம் லேப்டாப்பைத் திறக்கலாம். வரைகிற சாஃப்ட்வேரில் கிரீட்டாவும் இங்க்ஸ்கேப்பும் இலவசம். தொடங்குவதற்கு அவையே தாராளம். கிரீட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் வரைவது நான்கு பக்கமும் சுற்றி வந்து தொடரும், ரிப்பீட் உங்கள் கண் முன்னாலேயே வளரும். கம்பெனிகளில் ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் கேட்பார்கள். ரிப்பீட் புரிந்தவருக்கு அங்கே மாறுவது பெரிய விஷயம் இல்லை. ஃபோட்டோஷாப்பில் ஆஃப்செட் என்கிற ஃபில்டர் நாம் காகிதத்தை வெட்டி மாற்றியதையேதான் செய்கிறது.

புதியவர்கள் விழுகிற இடம் இரண்டு. ஒன்று, ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் ஜேபெக்காகக் கொடுப்பார்கள், அதில் ஓரங்களில் அழுக்கு மாதிரி உதிரி நிறங்கள் வரும். 300 டிபிஐ-யில் (இஞ்சுக்கு 300 புள்ளி) பிஎன்ஜி அல்லது டிஃப் கேளுங்கள். 16 சென்டிமீட்டர் என்றால் ஃபைல் 1890 பிக்சல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு எங்கோ தப்பிவிட்டது.

இரண்டாவது, மென்மையான ஓரம். பிரஷ்ஷின் ஓரத்தை இடைநிறங்களால் மழுப்புகிற ஆன்ட்டி-ஏலியாசிங்கை நிறுத்தாமல் வரைந்தால் நான்கு நிறம் என்று நீங்கள் நினைத்த ஃபைலில் நாற்பது நிறம் இருக்கும். ஸ்க்ரீனுக்குப் பிரிக்கிறவர் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு லேயர், லேயரின் பெயர் அந்த நிறத்தின் பெயர். இதை முதல் ஃபைலிலிருந்தே செய்யுங்கள், பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

7. உங்கள் கையால் ஒரு முறை அச்சடிப்பது

டிசைனராகப் போகிறவர் ஏன் அச்சடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு தடவை கையில் பேஸ்ட் பட்டால், எந்தக் கோடு அடைபடும், எந்த இடம் கசியும் என்று பிறகு வரையும்போதே கைக்குத் தெரியும்.

முதலில் ஸ்டென்சில். ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி, ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். வட்டத்துக்குள் வட்டம் வெட்டினால் உள்வட்டம் விழுந்துவிடும், பாலம் விட்டு வெட்ட வேண்டும். பிறகு இரண்டு நிறத்துக்கு இரண்டு ஸ்க்ரீன். பட்டையான டிசைனுக்கு இஞ்சுக்கு 110 இழை உள்ள மெஷ் (ஸ்க்ரீன் வலை) போதும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பாசிட்டிவாக, அதாவது ஒளி ஊடுருவும் ஷீட்டில் கறுப்பாக, எடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி வையுங்கள், அதை வைத்துத்தான் ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்துவீர்கள். இரண்டு நிறம் சேருகிற இடத்தில் வெளிர் நிறம் இருண்ட நிறத்துக்கு அடியில் அரை மில்லிமீட்டர் நீண்டு போகட்டும். துணி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை இடைவெளி தெரியாது. அடிக்கும்போது வெளிர் நிறம் முதலில்.

நம் ஊரில் தோற்கிற இடம் எமல்ஷன், படம் பதிய ஸ்க்ரீனில் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகுகிற பூச்சு. சமவெளியில் பார்த்த வீடியோவில் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்தது என்பார்கள். இங்கே மழை மாதத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் விரலில் பிசுக்கும். காயாத எமல்ஷனை எக்ஸ்போஸ் செய்தால் (பாசிட்டிவ் வைத்து வெளிச்சம் காட்டினால்) தண்ணீரில் படத்தோடு சேர்ந்து எல்லாமே கழன்று வந்துவிடும். மூன்று பேருடைய ஸ்க்ரீன் ஒரே வாரத்தில் இப்படிப் போனது, எல்லோரும் எக்ஸ்போஸ் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்ய வேண்டியது இது: சின்ன அறை, கதவை மூடி, மங்கலான மஞ்சள் விளக்கு, தள்ளி ஒரு ரூம் ஹீட்டர், ஒரு ஃபேன். ஸ்க்ரீனைப் படுக்க வைத்துக் காய வையுங்கள். தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும்வரை வெளிச்சம் காட்டாதீர்கள். முடிந்தால் இந்த வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்மென்ட் பேஸ்ட்டில் நிறத்தை இழையில் ஒட்ட வைக்கிற பைண்டர் கலந்திருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். இல்லையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். துணி நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, காட்டன் சூட்டில் ஒவ்வொரு இடமாகச் சில நிமிடம் அயர்ன் செய்யுங்கள். சூடுதான் பைண்டரை இழையில் பிடித்து வைக்கிறது. பிறகு துணியைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை ஐந்து முறை துவைத்து, துவைக்காத பாதியோடு வைத்துப் பாருங்கள். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒரு முறையும், ஈர வெள்ளைத் துணியால் ஒரு முறையும் தேய்த்துப் பாருங்கள். இந்த நான்கு துண்டையும் நோட்டில் ஒட்டுங்கள்.

கழுவிய பேஸ்ட்டை ஓடையில் விடாதீர்கள். மிச்சத்தைத் துணியில் வழித்துக் காய வைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு ஸ்க்ரீனைக் கழுவுங்கள்.

8. திருப்பூருக்கு ஒரு நாள்

மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வழியாக ஒரே நாளில் போய்வரலாம். நம் பக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் திருப்பூரில் வேலை செய்கிற ஒருவராவது இருக்கிறார், அவர் மூலமாகப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், வாரச் சம்பளம் போடுகிற நாள், யாருக்கும் நேரம் இருக்காது.

பட்டறையில் முதலில் கலர் கிச்சனைப் பாருங்கள், பேஸ்ட் எடை போட்டுக் கலக்குகிற இடம். பிறகு டேபிள் அல்லது மெஷின், பிறகு ஸ்டீமர், பிறகு வாஷிங். ரியாக்டிவ் அச்சு ஸ்டீம் ஆகும் முன்பும் பின்பும் எப்படி நிறம் மாறுகிறது என்று பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், ஆர்டர் கொடுத்த பையருடைய டிசைன்கள் வெளியே போகக் கூடாது. வேண்டாமென்று ஒதுக்கிய ஸ்ட்ரைக் ஆஃப் (சோதனை அச்சு) துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஏன் ஒதுக்கினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பதில் ஒன்றுக்காகவே பஸ் ஏறலாம்.

9. எந்தப் படிப்பு

மூன்று பெயர்களைக் குழப்பிக்கொண்டு தவறான படிப்பில் சேர்ந்தவர்கள் உண்டு. ஃபேஷன் டிசைன் என்றால் உடுப்பின் வடிவம். டெக்ஸ்டைல் டெக்னாலஜி என்றால் நூல், மெஷின், பதப்படுத்துதல், அது பொறியியல். டெக்ஸ்டைல் டிசைன் என்பதுதான் துணியின் மேற்பரப்பும் நெசவும்.

நிஃப்ட்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) டெக்ஸ்டைல் டிசைன் நான்கு வருடப் படிப்பு, சென்னையில் தரமணியில் வளாகம் இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் எழுதலாம். எழுத்துத் தேர்வில் பொது அறிவுப் பகுதியும் படைப்புத் திறன் பகுதியும் இருக்கும், அதில் தேறினால் கையில் பொருள் கொடுத்து ஒன்றைச் செய்யச் சொல்லும் சிச்சுவேஷன் டெஸ்ட். அகமதாபாத் என்ஐடியிலும் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) டெக்ஸ்டைல் டிசைன் உண்டு. திருப்பூரில் பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் இருப்பது டெக்ஸ்டைல் டெக்னாலஜி, சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெசவு. தேதியையும் கட்டணத்தையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள்.

வசதி இல்லை, நான்கு வருடம் முடியாது என்றால், மேலே சொன்ன எட்டையும் முடித்துவிட்டு ஒரு பிரிண்டிங் பட்டறையில் ஸ்க்ரீனுக்கு நிறம் பிரிக்கிற வேலையில் சேரலாம். அங்கிருந்து டிசைன் அறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

10. போர்ட்ஃபோலியோ

நாற்பது பக்கம் வேண்டாம். நான்கு தொகுப்பு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு முதன்மை டிசைன், அதோடு சேர்த்து உடுத்தக் கூடிய இரண்டு எளிய டிசைன்: ஒரு சின்னப் பூ, ஒரு கோடோ புள்ளியோ. ரிப்பீட் சதுரம், உண்மை அளவில் ஒரு பக்கம், மூன்று கலர்வே, ஒரு உடுப்பில் எப்படித் தெரியும் என்ற படம். ஓரத்தில் முதல் வரி ஞாபகம் இருக்கிறதா: துணி, முறை, நிறம். அதோடு ரிப்பீட் அளவு.

நீங்களே அச்சடித்த துணி ஒன்றை ஒட்டுங்கள். நேர்முகத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து சொல்வது இதுதான்: எதிரே இருப்பவர் பக்கங்களை வேகமாகப் புரட்டுவார், துணி ஒட்டிய பக்கம் வந்ததும் கை நின்றுவிடும், தடவிப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்பி, 'என்ன பைண்டர் போட்டீங்க?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

மலையில் வைத்திருக்கிற துணி மாதிரிகளில் மழை மாதத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். ஒட்டும் முன் ஒவ்வொன்றையும் அயர்ன் செய்து, பசைக்குப் பதிலாக இரண்டு தையல் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாரம் ஒரு முறை வெயில் வந்தால் திறந்து வையுங்கள்.